ஹேர்ஷல் கண்ட கோளைப் பார்க்க ஓர் ஆறங்குல ஆடி

யுரேனஸ் கடைசியில் வட்டமாகத் தெரிந்துவிட்டது. புள்ளியாக இல்லை, ஓரம் தெளிந்த சின்ன வட்டமாக. இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் போன வருடம் கச்சான் காற்றுக் காலத்தில் கண்ணாடி தேய்க்கத் தொடங்கி, இந்த வருடம், 2026 மார்ச் வரை அதோடு கிடந்தேன். களுவாஞ்சிக்குடியில் நீர்ப்பம்பி மோட்டார் சுற்றிக் கொடுக்கிற சின்னப் பட்டறை என்னுடையது. செய்த வேலையை வரிசையாக எழுதி வைக்கிறேன். தொலைகாட்டி ஆடி தேய்ப்பது பற்றி எழுதியிருப்பவை எல்லாம் குளிர்நாட்டு ஆட்களின் அனுபவம். எங்கள் மட்டக்களப்புச் சூட்டிலும் உப்புக்காற்றிலும் பல விஷயம் மாறிப்போகிறது.

யுரேனஸைச் சும்மா பார்ப்பது பெரிய காரியம் இல்லை. வெறுங்கண்ணின் எல்லையில் இருக்கிற ஒளி அது. ஒரு பைனாகுலரும் கைபேசியில் வான்படமும் இருந்தால் போதும். ஆனால் கைபேசி சொன்னதால் அந்தப் புள்ளிதான் கோள் என்று நம்புவது வேறு, கண்ணால் பார்த்தே இது நட்சத்திரம் இல்லை என்று பிரித்தறிவது வேறு. வில்லியம் ஹேர்ஷல் செய்தது இரண்டாவது. 1781 மார்ச் 13 இரவு, இங்கிலாந்தில் பாத் நகரத்து நியூ கிங் வீதியில் தன் வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் சங்கீதம், தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கிறவர். வானம் பார்ப்பது தன் சொந்த ஆசைக்கு. அன்று அவர் தேடியது கோளை அல்ல, இரட்டை நட்சத்திரங்களை. இடபம் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் கொம்புப் பக்கம் ஒரு நட்சத்திரம் மற்றவற்றைவிடத் தடித்துத் தெரிந்தது. அப்போது அவர் பார்த்துக்கொண்டிருந்த உருப்பெருக்கம் 227 மடங்கு. 460க்கு ஏற்றினார், 932க்கு ஏற்றினார். பக்கத்து நட்சத்திரங்கள் புள்ளியாகவே நின்றன; இது மட்டும் மடங்குக்கு ஏற்றபடி பெருத்தது. வால்வெள்ளியாக இருக்கும் என்றுதான் நினைத்தார், ரோயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்கும் அப்படித்தான் அறிவித்தார். பிறகு லெக்செல் போன்ற கணித அறிஞர்கள் பாதையைக் கணித்தபோதுதான் அது சனிக்கும் அப்பால், சூரியனில் இருந்து சனியைப்போல் ஏறக்குறைய இருமடங்கு தூரத்தில் சுற்றுகிற கோள் என்று உறுதியானது.

அவருடைய தொலைகாட்டிக்குக் குவியத்தூரம், அதாவது ஆடியில் இருந்து ஒளி குவிகிற இடம்வரை, 7 அடி, ஆடியின் விட்டம் 6.2 அங்குலம். அந்த அளவை வாசித்ததும்தான் எனக்குள் தீப்பிடித்தது. ஆறங்குலம் என்றால் கையால் தேய்க்கலாம்.

கண்ணாடி காத்தான்குடியில் கிடைத்தது. மேசை மேல் போடுகிற 19 மில்லிமீற்றர் தடிப்புக் கண்ணாடியில் வெட்டி மிஞ்சின துண்டுகள் கடையின் பின்பக்கம் கிடந்தன. கடைக்கார நானா வட்டமாக வெட்டித்தரத் தயங்கினார். "வெட்டலாம் தம்பி, வெடிச்சா காசு திரும்பாது" என்றார். கடைசியில் நானே வெட்டினேன். 150 மில்லிமீற்றர் உள்விட்டத்தில் தகட்டை வளைத்து வெல்டிங் செய்து, பட்டறைத் துளைப்பானில் மாட்டி, கண்ணாடி மேல் 80ஆம் நம்பர் கார்போரண்டம் தூளும் தண்ணீரும் ஊற்றி மெதுவாகச் சுற்றவிட்டால் தகடு பொடியை இழுத்துக்கொண்டு கண்ணாடியைத் தின்றுகொண்டு இறங்கும். அவசரப்பட்டு அழுத்தக்கூடாது. அடிப்பக்கம் வெளிவருகிற நேரம் ஓரம் சில்லிடும், அதனால் கீழே இன்னொரு கண்ணாடித் துண்டை மெழுகால் ஒட்டிவைத்தேன். இரண்டு வட்டம் எடுத்தேன், ஒன்று கையிருப்புக்கு.

தூள்தான் முதலில் திண்டாட்டம். ஹாட்வெயாரில் கிடைப்பது வால்வு தேய்க்கிற பசை மட்டும். எண்ணெய் கலந்தது, உதவாது. வழி காட்டினதும் அதே நானாதான். பேருவளையில் அவருக்குச் சொந்தக்காரர் மாணிக்கக்கல் பட்டை தீட்டுகிறவர். கல் வெட்டுகிறவர்களுக்கு 80, 120, 220, 320, 600 எல்லா நம்பரும் வேண்டும் (நம்பர் கூடக் கூடத் தூள் நுண்மை), மினுக்குகிறதுக்குச் சீரியம் ஒட்சைட்டும் வேண்டும். தொலைகாட்டி ஆடிக்கு வேண்டியதும் இதேதான். இலங்கையில் இருக்கிற ஒருவர் இதற்காக வெளிநாட்டில் இருந்து எதுவும் எடுப்பிக்கத் தேவையில்லை. இரத்தினக்கல் ஊர்களில் விசாரித்தால் போதும்.

தேய்க்கிற முறை எளிது. கீழே ஒரு தட்டு, மேலே ஆடியாகப் போகிற கண்ணாடி, நடுவில் தூளும் தண்ணீரும். மேல் கண்ணாடி குழிந்துகொண்டே வரும், கீழ்த்தட்டு குமிழும். கீழ்த்தட்டைச் சீமெந்தில் வார்த்து, குளியலறை ஓட்டுத் துண்டுகளைப் பதித்தேன். சீமெந்தில் மட்டும் பதித்த துண்டுகள் 80ஆம் நம்பரின் அடிக்கே கழன்றன. எபொக்சி போட்டு ஒட்டினதுதான் கடைசிவரை நின்றது. மணல் நிரப்பின எண்ணெய்ப் பீப்பாயில் தட்டை இறுக்கி, அதைச் சுற்றிக் கிறுகிக் கிறுகித் தேய்க்கவேண்டும். ஆள் சுற்றினால்தான் எல்லாத் திசையிலும் தேய்வு சமப்படும்.

அளவு: எனக்கு வேண்டியது 1200 மில்லிமீற்றர் குவியத்தூரம். வளைவின் ஆரை அதன் இருமடங்கு, 2400. ஆடியின் ஆரை 75. 75ஐ வர்க்கித்து, 2400இன் இருமடங்கால் பிரித்தால் 1.17. அதாவது நடுப்பள்ளம் 1.17 மில்லிமீற்றர் இருந்தால் சரி. உருக்கு மட்டப்பலகையை ஆடிக்குக் குறுக்கே வைத்து, நடுவில் 1.2 மில்லிமீற்றர் துளையூசி நுழைகிறதா என்று பார்த்தேன். நுழையத் தொடங்கினதும் 80ஐ நிறுத்தினேன். அதற்குப் பிறகு ஆடியை நனைத்து வெயிலைச் சுவரில் விழுத்திப் பார்த்தபோது 1185இல் சூரியன் கூர்ந்தது. பதினைந்து மில்லிமீற்றர் குறைவு ஒரு பொருட்டே இல்லை, குழாயை அதற்கேற்ப வெட்டினால் சரி. அந்த வெயில் வேலையை மட்டும் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரம் பாருங்கள், குவிகிற இடத்தில் கடதாசி பற்றும்.

தூளை மாற்றும்போது முழு இடத்தையும் கழுவவேண்டும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் அது மட்டும் போதாது. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் அடித்தால் மேற்கே காய்ந்த வயல்களில் இருந்து மண்தூள் எழும்பிவந்து கதவிடுக்கால் நுழையும். 600இல் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மணல் உள்ளே போய், நடுவில் இருந்து ஓரம்வரை ஒரு கீறல். அந்தக் கீறலை எடுக்கத் திரும்ப 320க்குப் போகவேண்டி வந்தது. பிறகு கச்சான் அடங்குகிற விடியப்புறம் மட்டும், நனைத்த சேலையைக் கதவில் தொங்கவிட்டுத்தான் 600ஐ முடித்தேன்.

மினுக்குகிற கட்டம்தான் எங்கள் பக்கத்தின் உண்மையான சோதனை. மினுக்குவதற்குக் கீழ்த்தட்டின் மேல் கீல் பரப்பி, அதில் சதுரம் சதுரமாக வாய்க்கால் கீறி, சீரியம் ஒட்சைட் தண்ணீரில் தேய்க்கவேண்டும். ஒளியியலுக்கென்று விற்கிற கீல் இங்கே கிடைக்காது. ரோசின் என்ற மரப்பிசினை உருக்கி ஆமணக்கெண்ணெய் கலந்தேன். பழைய குறிப்புகளின் விகிதப்படி கலந்தது ஒரு மத்தியானத்துக்குள் வாய்க்கால் எல்லாம் மூடி வழிந்து கிடந்தது. அந்தக் குறிப்புகள் 20 பாகை செல்சியஸ் அறைக்கு எழுதினவை. என் பட்டறையில் 32. எண்ணெயைப் பாதிக்கும் கீழே குறைத்தேன். நகத்தால் அழுத்திப் பார்ப்பதுதான் சோதனை: ஒரு சின்னக் கட்டியைக் கடித்தால் உடையவேண்டும், நகத்தை வைத்து அசையாமல் அழுத்தினால் மெல்ல மெல்லத் தடம் விழவேண்டும். உடனே தடம் விழுந்தால் மென்மை, விழவே இல்லை என்றால் கடினம். அதையும் நீங்கள் தேய்க்கப்போகிற நேரத்துச் சூட்டில்தான் பார்க்கவேண்டும். காலையில் பதமாக இருந்த கீல் பின்னேரம் கூழாகிவிடும். மாற்றி மாற்றிப் பார்த்து, விடியப்புறம் நாலு மணியில் இருந்து வெயில் ஏறும்வரை மட்டும் மினுக்குவது என்று முடிவெடுத்தேன்.

ஹேர்ஷலின் தங்கை கரோலின் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்: ஏழடித் தொலைகாட்டிக்கான ஆடி ஒன்றை முடிக்கும்போது அண்ணன் 16 மணித்தியாலம் கையை எடுக்கவே இல்லை, தான்தான் துண்டு துண்டாகச் சாப்பாட்டை வாயில் வைத்துவிட்டதாக. அவருடையது செம்பும் தகரமும் கலந்த உலோக ஆடி. எனக்குக் கண்ணாடி, இடையில் நிறுத்தலாம், ஆடியைக் கழுவி வைத்துவிட்டு மோட்டார் சுற்றப் போகலாம். ஆனாலும் மினுக்குத் தொடங்கின பிறகு அந்த 16 மணித்தியாலத்தை நினைக்காத விடியல் இல்லை.

பரப்பு கண்ணுக்கு மினுங்கினால் வேலை முடிந்துவிடாது. வடிவம் சரியா என்று பார்க்கவேண்டும். பிரெஞ்சு அறிவியலாளர் ஃபூக்கோவின் கத்திமுனைச் சோதனைக்கு வீட்டுச் சாமான் போதும்: ஒரு எல்.ஈ.டி., அதன் முன்னால் இரண்டு சவர அலகை மயிரிழை இடைவெளியில் ஒட்டின கீற்று, பக்கத்தில் கத்தியாக இன்னொரு அலகு. எல்லாவற்றையும் ஒரு சறுக்குப் பலகையில் ஏற்றி, எம்.6 திருகாணியால் நகர்த்தினேன். அந்த ஆணிக்கு ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீற்றர். தலையில் ஒரு வட்ட அட்டையை ஒட்டிப் பத்தாகப் பிரித்தால் 0.1 மில்லிமீற்றர் வாசிக்கலாம். மைக்ரோமீற்றர் வாங்குகிற காசு மிச்சம்.

ஆடியை அதன் வளைவின் ஆரையான 2.37 மீற்றர் தூரத்தில் நிறுத்தி, கண்ணைக் கத்திக்குப் பின்னால் வைத்தால் முழு ஆடியும் வெளிச்சத்தால் நிரம்பும். கத்தியை மெல்ல உள்ளே தள்ளினால் அந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து, பரப்பின் மேடு பள்ளம் எல்லாம் எழும்பித் தெரியும். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் ஆடியின் முகத்தில் பெருவிரலைக் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தாள். விரல் இருந்த இடத்தில் ஒரு குன்று எழும்பி நின்றது. அவள் கைச்சூட்டில் கண்ணாடி வீங்கினது அது. பார்த்துக்கொண்டிருக்கவே அது தணிந்து மறைந்தது. அதன் உயரம் மில்லிமீற்றரில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். சவர அலகால் அதைப் பார்க்க முடிகிறது. அன்றிலிருந்து மினுக்கி முடித்த உடனே சோதிப்பதை விட்டேன். ஆடி ஆறுகிறதுக்கு ஒரு மணித்தியாலம், மின்விசிறி நிறுத்தி, கதவு பூட்டி.

என் ஆடியில் தெரிந்த குறை, ஓரம் சரிந்திருந்தது. வெளிவிளிம்பில் ஒரு வெள்ளிக் கோடு மாதிரி வெளிச்சம் நிற்கும். மென்மையான கீலின் வேலை அது. கீலை மாற்றி, தேய்க்கிற நீளத்தைக் குறைத்து, பெரும்பகுதியைச் சரிப்படுத்தினேன். மிஞ்சினதை விரட்டப் போனால் நடுப்பகுதி கெடும் என்று பட்டதால், விளிம்பில் 3 மில்லிமீற்றர் அகலத்துக்குக் கறுப்பு வளையம் வெட்டி மூடிவிட்டேன். 150 மில்லிமீற்றர் 144 ஆனது. வெளிச்சத்தில் எட்டு வீதம் போனது, படத்தின் தெளிவு வந்தது. இந்தப் பேரத்தை யாரும் தயங்காமல் செய்யலாம்.

ஒளி முழுக்க ஒரே புள்ளியில் குவிய, கோள வடிவத்தைப் பரவளைவாக்கவேண்டும். அதற்கு நடுவை இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்தவேண்டும். சரியாக வந்தால் கத்திமுனையில் நிழல் உளுந்து வடையாகத் தெரியும், நடுவில் குழி, சுற்றி மேடு. நடுவுக்கும் ஓரத்துக்கும் கத்தி நகரவேண்டிய வித்தியாசம் கணக்குப்படி 1.2 மில்லிமீற்றர். எனக்கு 1.0 வந்தது. இந்தக் குவிய விகிதத்துக்கு (குவியத்தூரத்தை விட்டத்தால் பிரித்தது) அது போதும், நிறுத்தினேன்.

அதற்குள் மழை தொடங்கிவிட்டது. யுரேனஸ் சூரியனுக்கு நேர் எதிரே வந்து மிகப் பெரிதாகத் தெரிகிற நவம்பரில் எங்கள் வானம் முழுக்க முகில். மாதக் கடைசியில் டித்வா புயல், வெள்ளம். ஆடி அலுமாரி மேல் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. அந்த மாதங்களில் மரவேலை நடந்தது. பக்கத்து ஓடாவி மாமா 6 மில்லிமீற்றர் பிளைவூட்டில் சதுரக் குழாய் அடித்துத் தந்தார். "வட்டக் குழாய் எண்டா வருசம் எடுக்கும் மனே, சதுரம் எண்டா இந்தக் கிழமையே தாறன்" என்றார், தந்தார். உள்ளே கரும்பலகைப் பெயின்ட். கீழே பெட்டியும் சுழல்தட்டும். ரெஃப்லோன் துண்டுக்குப் பதில் சமையலறை வெட்டுப்பலகையின் பிளாஸ்டிக்கை வெட்டி வைத்து, அதன் மேல் போமிக்கா சறுக்கும்படி செய்தேன். விரலால் தள்ளினால் நகர்கிறது, விட்டால் நிற்கிறது. கண் வைத்துப் பார்க்கிற வில்லையான பார்வைத்துண்டைப் பிடிக்கிற குழாய்க்குக் கைகழுவும் தொட்டியின் பித்தளைக் கழிவுக்குழாய். உள்ளே ஒரு சுற்று ஃபெல்ட் துணி ஒட்டினால் இறுக்கம் கணக்காக இருக்கிறது.

பெப்ரவரியில் வெயில் வந்ததும் வெள்ளி பூசினேன். அலுமினியம் ஏற்ற வெற்றிட அறை வேண்டும். 1850களில் ஸ்ரைன்ஹைலும் ஃபூக்கோவும் செய்தபடி கண்ணாடியில் இரசாயனமாக வெள்ளி படியவைப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் தட்டம் போதும். வெள்ளி நைத்திரேற்றைக் கரைத்து, அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கபில நிறமாகக் கலங்கும்; இன்னும் விட்டால் தெளியும்; தெளிகிற அந்தப் புள்ளியில் நிறுத்தவேண்டும். பிறகு கோஸ்ரிக் சோடா, திரும்பக் கலக்கம், திரும்ப அமோனியா. கடைசியில் குளுக்கோஸ் கரைசலை ஊற்றினதும் கறுத்து, ஆடியில் வெள்ளி ஏறத் தொடங்கும்.

இதில் உயிருக்கு முக்கியமான ஒன்று: அமோனியா சேர்ந்த அந்த வெள்ளிக் கரைசலை ஒருபோதும் வைத்திருக்கக்கூடாது. காய்ந்தால் வெடிக்கிற பொருள் உண்டாகும். கலந்த உடனே பாவிக்கவேண்டும், மிஞ்சினதை உடனே நிறையத் தண்ணீரும் உப்புக் கரைசலும் சேர்த்துக் கழித்துவிடவேண்டும். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

முதல் பூச்சு திட்டுத்திட்டாக உரிந்தது. காரணம் தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு கோப்பையில் எடுத்து வெள்ளி நைத்திரேற் ஒரு சொட்டு விட்டேன். விழுந்த இடத்தில் பால் ஊற்றின வெண்மை. கடற்கரைக் கிணற்றின் உப்பு அது. ஆடியைக் கடைசியாக அலசினது அந்தத் தண்ணீரில். இரண்டாம் பூச்சுக்கு பற்றரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டுமே பாவித்தேன், ஒவ்வொரு போத்தலிலும் முதலில் ஒரு சொட்டுச் சோதனை. சூட்டில் வெள்ளி அவசரப்பட்டுப் படிந்து மங்கலாகிறது என்பதால் கரைசல்களை ஐஸ் தண்ணீரில் வைத்துக் குளிரவைத்தேன். ஏறினது. புதுவெள்ளி விழுகிற ஒளியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். ஹேர்ஷலின் உலோகம் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். ஆக, ஆறங்குலத்துக்குள் குறைந்தாலும் வெளிச்சத்தில் அவரைவிட நான் வசதியானவன்.

செலவு இது: கண்ணாடி 5,000 ரூபா, தூள்கள் 9,500, ரோசின் சாமான் 2,000, மரமும் கூலியும் 19,000, ஒளியைப் பார்வைத்துண்டுப் பக்கம் திருப்புகிற தட்டையான சின்ன ஆடி வாங்கினது 9,000, 25உம் 10உம் மில்லிமீற்றர் பார்வைத்துண்டுகளும் மடங்கை இரட்டிக்கிற ஒரு பார்லோ வில்லையும் 23,500, வெள்ளி நைத்திரேற்றும் மற்ற இரசாயனமும் 15,500, ஆணி, ஸ்பிரிங், பெயின்ட் 4,500. மொத்தம் 88,000. வெள்ளி விலை ஏறிக் கிடந்த நேரம், இல்லாவிட்டால் கொஞ்சம் குறைந்திருக்கும்.

களுவாஞ்சிக்குடியில் கடைவீதி வெளிச்சம். பட்டிருப்புப் பாலம் தாண்டி வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போனால் வானம் திறக்கும். வெல்லாவெளிப் பக்கம் மச்சானுக்கு வயல் இருக்கிறது, காவல் வாடியும் இருக்கிறது. மார்ச்சில் வேளாண்மை வெட்டு முடிந்து வெளி வெறுமையாகக் கிடக்கும். ஆனால் வெட்டு மிசின் இரவிலும் ஓடும், வைக்கோல் எரிக்கிற புகை இருக்கும், யானையும் வரும். அதனால் தனியே போவதில்லை; மச்சான் சொல்கிற வயலுக்கு, அவர் சொல்கிற நேரத்துக்கு.

13ஆந் திகதியே பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அன்று மெல்லிய முகில் கலையவே இல்லை. அமாவாசையை அண்டின இரவில்தான் வானம் தெளிந்தது. முதலில் வியாழனில் ஒழுங்கு பார்த்தேன், இரண்டு பட்டையும் கூர்மையாக நின்றன. ஆடி வெளிக்காற்றுக்கு ஆறுகிறதுக்கு முக்கால் மணித்தியாலம் காத்திருந்தோம்.

கார்த்திகைக் கூட்டத்துக்குத் தெற்கே ஏறக்குறைய ஐந்து பாகை. 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டில், 47 மடங்கில், ஒரே பார்வைக்குள் மூன்று புள்ளிகள், ஒளியில் ஏறத்தாழ ஒன்றுபோல. இரண்டு, இடபம் 13, இடபம் 14 என்று எண் பெற்ற நட்சத்திரங்கள். மூன்றாவது யுரேனஸ். எது எது என்று மகளுக்குச் சொல்லவில்லை. யுரேனஸின் வட்டம் இப்போது 3.5 வில்செக்கன் அளவுதான் (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு ஒரு வில்செக்கன்). 47 மடங்கில் அது கண்ணின் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும், நிச்சயமாகச் சொல்ல முடியாது. 10 மில்லிமீற்றருக்கு மாற்றினேன், 118 மடங்கு. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்பா, இது மினுங்குதில்ல. மத்தது ரெண்டும் மினுங்குது." பார்லோவைப் போட்டேன். 237 மடங்கு, ஹேர்ஷல் தொடங்கின 227க்குப் பக்கம். இந்த மடங்கில் ஒரு நேரத்துக்கு ஒன்றைத்தான் பார்க்கலாம், அதுவும் ஒரு நிமிடத்துக்குள் பார்வையைக் கடந்து ஓடிவிடும். கையால் தள்ளித் தள்ளித் தொடரவேண்டும். இடபம் 13ஐக் காட்டினேன்: துடிக்கிற ஒரு புள்ளி, சுற்றி மெல்லிய வளையம். பக்கத்துக்குத் தள்ளினேன். "உருண்டையாக் கிடக்கு. பச்சை மாதிரி ஒரு நிறம்."

நான் கண் வைத்தபோது அது பார்வையின் நடுவால் நகர்ந்துகொண்டிருந்தது. வெறுங்கண்ணுக்குத் தெரிகிற நிலாவின் பாதிக்கும் கொஞ்சம் குறைந்த அகலம், வெளிறின நீலப்பச்சை, ஓரம் அலையாத தட்டு. என் உடம்பு சிலிர்த்தது. நட்சத்திரத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் அது தட்டாகாது. இது ஆகிறது.

யுரேனஸ் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. கோளைத் தேடாதவருக்குக் கோள் கிடைத்தது என்ற அளவில் அது உண்மை. ஹேர்ஷல் தானே இதை மறுத்திருக்கிறார்: வானத்தை ஒழுங்காக, நட்சத்திரம் நட்சத்திரமாகப் பார்த்து வந்ததாகவும், அன்று இரவு அதன் முறை வந்ததாகவும், அன்றைக்கு வேலை இருந்திருந்தால் அடுத்த இரவு கண்டிருப்பேன் என்றும். கண்ணாடி தேய்த்த பிறகு நான் அவர் பக்கம். என் ஆடியின் ஓரச் சரிவோடு, வளையத்தை எடுத்துவிட்டும் பார்த்தேன்: நட்சத்திரமும் கோளும் ஒரே மாதிரி ஊதிப் பரவி நிற்கின்றன, பிரித்தறியவே முடியவில்லை. வளையத்தைத் திரும்பப் போட்டால் வித்தியாசம் வந்துவிடுகிறது. அவருக்கு அந்த வித்தியாசம் முதல் பார்வையிலேயே தெரிந்தது என்றால், அது பல வருடம் ஆடி தேய்த்த கை.

அவருக்கு முன் அதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். பிரெஞ்சு வானியலாளர் லெ மொன்னியே பலமுறை பார்த்து நட்சத்திரமாகக் குறித்திருக்கிறார். அதற்கும் முன், 1690 டிசம்பரில், இங்கிலாந்து வானியலாளர் பிளாம்ஸ்டீட் பார்த்தார். அவருடைய பட்டியலில் இடபம் 13, இடபம் 14 போகிற அதே வரிசையில் இடபம் 34 என்று ஓர் எண் உண்டு. அந்த இடத்தில் இன்று நட்சத்திரம் இல்லை, அது யுரேனஸ். ஜப்பானில் குன்மா மாகாணத்து கொஜிமா என்ற அமெச்சூர் வானியலாளர் 2017இல் புதிதாய் ஒளிர்ந்த ஒரு பொருளைக் கண்டதும் இதே இடபத்தில்தான். அது ஈர்ப்பு வில்லை விளைவு, அதாவது முன்னால் நிற்கிற நட்சத்திரத்தின் ஈர்ப்பு பின்னால் உள்ளதன் ஒளியை வில்லைபோல் குவிப்பது, என்று தெரியவந்து, அந்த வெளிச்ச ஏற்றத்துக்குள் இருந்து வேறொரு நட்சத்திரத்தின் கோளொன்று பிடிபட்டது. அவரும் கோளைத் தேடவில்லை; வானத்தை முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாற்றவேண்டியவை. கீலுக்கு முதல் நாளிலேயே எண்ணெயைக் குறைத்து, விடியப்புறச் சூட்டுக்குப் பதம் பார்ப்பேன். 600ஆம் நம்பர் வேலையைக் கச்சான் காலத்தில் தொடவே மாட்டேன், புரட்டாதிக்குத் தள்ளுவேன். ஆடிக்குப் பின்னால் கணினி விசிறி ஒன்று வைத்தால் ஆறுகிற நேரம் பாதியாகும். பனியில் பார்வைத்துண்டு மூடிக்கொள்கிறது, அதற்குச் சின்னச் சூடாக்கி வேண்டும். மோட்டார் சுற்றுகிற கம்பியிலேயே செய்யலாம். வெள்ளியின் ஓரம் இப்போதே மஞ்சளிக்கத் தொடங்கிவிட்டது. வாவி வற்றி சேறு வெளிக்கிடுகிற நாட்களில் அழுகின முட்டை நாற்றம் வரும், அந்தக் கந்தக வாயுதான் வெள்ளியைக் கெடுக்கிறது. சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வைக்கிறேன். மாரிக்குப் பிறகு எப்படியும் திரும்பப் பூசவேண்டி வரும்.

திரும்பப் பூசுகிறதுக்குக் காரணமும் இருக்கிறது. யுரேனஸ் ஒரு சுற்றுக்கு 84 வருடம் எடுக்கிறது. 1690 டிசம்பரில் இருந்து நான்கு சுற்று 336 வருடம். இந்த வருடக் கடைசியில் அது பிளாம்ஸ்டீட் இடபம் 34 என்று குறித்த இடத்துக்குக் கிட்டத்தட்டத் திரும்பி வருகிறது. டிசம்பரில் எங்களுக்கு மழை. தை, மாசியில் முகில் விலகினதும் போகலாம் என்று மச்சானிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், வெட்டுக்கு முதல் யானை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்துத்தான் வயலைத் தீர்மானிக்கவேண்டும்.